தும்மலுக்கு முந்தின நொடி

பத்தடிக்கு ஆறடி. சதுர அடி எண்பது ரூபாய்.
என் ப்ளெக்ஸ் கடையில் முகத்துக்கு விலை அப்படித்தான்,
செத்தவருக்கும் ஜெயித்தவருக்கும் ஒரே ரேட்.

கொழும்பிலிருந்து வந்த ஏற்பாட்டாளர் கேட்டார்:
பட்டப்பெயர் ஒன்று வேண்டும், கடிக்கிற மாதிரி.
இந்த நாட்டில் ஒரு தமிழன் முகத்துக்கு மேலே
புலி என்று எழுதத் துணிந்தவன் ஹட்டனில் இல்லை.
சிறுத்தை என்றேன்.
போன மாசம்தான் லோவர் டிவிசனில்
பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில்
ஒன்று மாட்டி, விடியும்வரை உறுமி, செத்தது.
படம் பிடிக்க முண்டியடித்தவர்களில்
நானும் ஒருவன்.

கிரிசாந்தனுக்கு வேலை புடவைக்கடையில்.
ஆறு யார் சேலையை விரித்துக் காட்டியும்
பிடிக்காமல் எழுந்து போகிறவளிடம்
"பரவாயில்ல அக்கா, மழை விட்டதும் போங்க" என்பான்.
பிறகு மடித்து வைப்பான்,
பழைய மடிப்பிலேயே, அதே கையால்.

முறைக்கச் சொன்னேன். சிரித்தான்.
உறுமச் சொன்னேன். இருமினான்.
அறுபத்திரண்டு படம்.
கடைசியில் ஒன்றில்
பல் தெரிய, மூக்கு விடைக்க, கண் சுருங்கி
அப்படியொரு கொலைவெறி.
தும்மலுக்கு முந்தின நொடி அது.
அதைத்தான் பத்தடிக்கு ஆறடி போட்டோம்.
இடது புருவத்தில் ஒரு தழும்பு
நானாக வைத்தேன். மூன்று நிமிஷ வேலை.
காசு வாங்கவில்லை.

மல்லியப்பூ சந்தியில் தொங்கியது.
அதன் கீழேயே அவன்
குடையோடு பஸ்ஸுக்கு நிற்பான்.
மேலே அண்ணாந்து பயந்த பிள்ளைகள்
பக்கத்தில் நிற்பவனிடம்
மணி கேட்டன.

எடை பார்க்கிற நாளில் மைக்கைக் கொடுத்தார்கள்.
"உன் விலா எலும்பை எண்ணி உன் கையில் தருவேன்."
இரண்டு நாள் மனப்பாடம், சிங்களத்தில்.
அன்றிரவே நம்பர் தேடிப் பிடித்து
அந்த அம்பலாங்கொடைப் பையனுக்குப் பேசினானாம்:
மன்னிக்கணும், அது நான் எழுதினதில்லை.
அந்தப் பக்கம் சிரிப்பு:
எனக்கும் அவர்தான் எழுதினார் மச்சான்,
உனக்குத்தான் நல்ல வசனம்.

இதோடு முடிந்திருந்தால்
'பாவம், தங்கமான பையன்' என்று
நானும் சொல்லித் திரிந்திருப்பேன்.

நாலாம் சுற்று.
டன்பார் மைதானம், விளக்கைச் சுற்றிப் பனி.
கயிற்றில் சாய்ந்தவனை அடித்தான்.
மணி அடித்தது. அடித்தான்.
நடுவர் இடுப்பைப் பிடித்து இழுக்க
அவர் தோளுக்கு மேலாக
இன்னும் ஒன்று.
வாய் மூடியிருந்தது. கண் அகலத் திறந்திருந்தது.
துணி அளக்கிறவனுடைய நிதானம்.
அந்த முகம் என் ஃபைலில் இல்லை.
புடவைக்கடையிலும் அதை யாரும் கண்டதில்லை.
"சிறுத்தை, சிறுத்தை" என்று சனம் கத்தியது
அவனைப் பார்த்தல்ல,
மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த
என் தும்மலைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை வந்தான்.
வலது புருவத்தில் ஏழு தையல்.
"இடம் மாறிப் போச்சு அண்ணே."
அடுத்த போட்டி பதுளையில்.
படத்தைத் திருப்பிவிடலாம் என்றேன், ஒரு அமுக்கு.
திருப்பினேன். தழும்பு சரியான பக்கம் வந்தது.
இடக்கைக்காரன் வலக்கைக்காரனாகிவிட்டான்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
வெளியே ஒரு ரயில் வந்து, நின்று, போனது.

"மணி அடிச்சது எனக்குக் கேட்டுச்சு அண்ணே,"
திரையிடம் சொல்வதுபோல் சொன்னான்.

பிறகு புடவைக்கடைக் குரலில்:
"பரவாயில்ல. இப்படியே போடுங்க."

போட்டேன்.
ஓரத்தில் வழக்கமாக வரும்
என் கடைப் பெயரையும் போன் நம்பரையும்
இந்தத் தடவை
எடுத்துவிட்டேன்.